பில்லை முடித்துவிட்டு மெஷின் பக்கம் போங்கள்

திருப்பூரில் பத்து பவர் டேபிள்களுடன் தையல் யூனிட் நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறோம். பீஸ் ரேட்டில் 14 பேர் வேலை செய்கிறார்கள். வெளியில் டி-ஷர்ட் வாங்கிக் கடைகளுக்குச் சப்ளை செய்வதும் உண்டு. ஆள் வராதது, டெலிவரி, ஜிஎஸ்டி, பாக்கி வசூல், இன்ஸ்டாகிராம் பக்கம் என்று காலை முதல் இரவு வரை எல்லாமே அவசரமாக இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது?”

உங்கள் யூனிட்டில் எந்த வேலை அதிகம் சத்தம் போடுகிறதோ அதுதான் முதலில் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஓவர்லாக் மெஷின் நின்றால் டைலர் எழுந்து வந்து முன்னால் நிற்பார். சரக்கு தாமதமானால் கம்பெனி மெர்ச்சண்டைசர் பத்து முறை போன் செய்வார். போடாத பில் மட்டும் யாரையும் கூப்பிடாது. எனவே ஒவ்வொரு வேலையைப் பற்றியும், ‘இன்று செய்யாவிட்டால் எவ்வளவு பணம் போகும், நாளைக்கு அதை மீட்க முடியுமா’ என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால், நீங்கள் இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலைகள்தான் காலை நேரத்துக்கு உரியவை என்பது தெரியும்.

காலையில் முதல் ஒரு மணி நேரம் பில்லுக்கும் பாக்கிக்கும் மட்டும். முந்தைய நாள் டெலிவரி சலான்களை எடுத்து ஒவ்வொன்றையும் பாருங்கள். பெரும்பாலான சலான்களில் கம்பெனி வாசலில் இருந்தவர் ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். தேதி இருக்காது, வாங்கிய பீஸ் எண்ணிக்கை இருக்காது. இரண்டு மாதம் கழித்து ‘40 பீஸ் குறைவு, 60 பீஸ் ரிஜெக்ட்’ என்று பணத்தைக் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தேதியில்லாத சலானை வைத்துக்கொண்டு அந்த 15 நாளை எங்கிருந்து எண்ணுவீர்கள்?

அதே சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள்ளும், எப்படிப் பார்த்தாலும் 45 நாட்களுக்கு மிகாமலும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக உண்டு. புகார் கொடுத்தால் 90 நாட்களில் தீர்ப்பு என்றும் எழுதியிருக்கிறார்கள்; அந்த 90 நாளை நம்பி யாரும் கூலிக்குக் கணக்குப் போட வேண்டாம். சட்டம் எழுதியவர்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கும் அவசரம் இருந்ததில்லை. நடைமுறையில் உங்களுக்குக் கைகொடுப்பது வருமான வரி விதிதான்: 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஆகவே மார்ச்சில் கணக்கு ஆண்டு முடிவதற்கு முன், பிப்ரவரி கடைசியிலேயே பாக்கிப் பட்டியலையும் உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சான்றிதழ் நகலையும் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு உங்கள் தையல் வேலைக்கு உண்டு; வெளியில் வாங்கி விற்கும் டி-ஷர்ட்டுக்கு இல்லை. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு அறிவித்தது, ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். நீங்களே துணி வாங்கி வெட்டித் தைத்து விற்றால் அது உற்பத்தி. தைத்து முடித்த டி-ஷர்ட்டை வாங்கி லேபிளை மட்டும் மாற்றி விற்பதும் உற்பத்திதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜாப் ஒர்க் பில்லையும் வியாபார பில்லையும் தனித்தனி வரிசை எண்ணில் போடுங்கள். இரண்டையும் ஒரே பில்லில் கலந்தால், நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டிய தையல் கூலிக்கும் ‘இது வியாபாரம்’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் டி-ஷர்ட்டுக்குக் கடன் நாளைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, தேதி உள்ள வேலைகள். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ஆம் தேதி விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 22-ஆம் தேதி வரிக் கணக்கைக் காட்டும் 3பி. இடையில் வரும் இரண்டு மாதங்களுக்கான வரியை அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அந்த இரண்டு மாத பில்களையும் அடுத்தடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் என்ற பில் பதிவேற்ற வசதி வழியாக ஏற்றிவிடலாம். கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்றாவிட்டால் கம்பெனிக்காரர் வரிக் கழிவு எடுக்கப் பார்க்கும் 2பி பட்டியலில் உங்கள் பில் தெரியாது, அதைச் சொல்லியே பணத்தை நிறுத்துவார். அதனால் இதையும் வசூல் வேலையாகவே கருதுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உங்களுக்கு உண்டு, கட்ட வேண்டியது 15-ஆம் தேதிக்குள். பீஸ் ரேட் டைலர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பது தெருவில் உலாவும் பொய்.

இந்தப் பொய்யைச் சொல்லும் ஏஜென்ட்தான் பெரும்பாலும் உங்கள் ரிட்டர்னையும் போடுகிறார். ஜிஎஸ்டி பதிவில் உங்கள் மொபைல் எண் இருக்கிறதா, ஏஜென்ட்டின் எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஓடிபி அவருக்குப் போகிறது, பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது, வரிப் பணத்தை மொத்தமாக அவர் கையில் கொடுக்கிறீர்கள் என்றால், யூனிட்டை நடத்துவது நீங்கள் அல்ல. ‘போட்டாச்சுங்க’ என்று போனில் சொல்வது ரசீது ஆகாது. ஜிஎஸ்டி இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைத் தேடினால், பாஸ்வேர்டு இல்லாமலே எந்த ரிட்டர்ன் எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதைப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் போதும். வரியை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே கட்டுங்கள். அரசின் உத்யம் தளத்தில் பதிவு முழுக்க இலவசம். ஆனாலும் இணையத்தில் தேடினால் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் கண்ணில் படுகின்றன. முத்ரா கடன் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரோடு பேசும் அரை நாளையும் மிச்சப்படுத்துங்கள்.

மீதி வேலைகளுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெஷின் ரிப்பேர், நூல், ஆள் ஏற்பாடு ஆகியவற்றை உங்கள் மூத்த டைலர் ஒருவரிடம், கையில் ஒரு சிறு தொகையும் கொடுத்து ஒப்படையுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் உங்களைத் தேடி வரக் கூடாது. இன்ஸ்டாகிராம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும்.

மொபைல் எண் ஏஜென்ட்டுடையதாக இருந்தால், நாளைக் காலை அவரிடமே ஓடிபி வாங்கி, பதிவுத் திருத்தத்தில் உங்கள் எண்ணை மாற்றுங்கள். அவர் இழுத்தடித்தால், பதிவுச் சான்றிதழையும் அடையாள ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் சரகத்தின் ஜிஎஸ்டி அலுவலரைப் பாருங்கள். அவரே எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தர முடியும். ஒரு முறைக்கு மேல் அலைய வைப்பார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.