பத்திரிகைகளில் வந்த புரளிகளில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் ‘சன்’ நாளிதழில் எழுதிய நிலாத் தொடர்தான். ஒரு பெரிய தொலைநோக்கி வழியாக நிலவில் உயிர்களைக் கண்டதாகச் சொன்ன கட்டுக்கதை அது.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். இந்தத் தொடரை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது, அதைப் பற்றிப் பேசும் பலரும் சொல்லும், வௌவால் போல இறக்கை கொண்ட நிலா மனிதர்களைத்தான் தேடினேன். முதல் பகுதியில் அவர்கள் இல்லவே இல்லை. ஆகஸ்ட் 25 அன்று வந்ததில் பெரும்பகுதி தொலைநோக்கிக் கணக்குதான்: வில்லையின் விட்டம் 24 அடி, எடை கிட்டத்தட்ட 7 டன், 42,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இதையெல்லாம் கண்டுபிடித்தவராகத் தொடரில் சொல்லப்பட்ட ஜான் ஹெர்ஷல் நிஜமான வானியலாளர். அப்போது அவர் நன்னம்பிக்கை முனையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்ததும் நிஜம். கப்பலில் கடிதம் போய்வர மாதக்கணக்கில் ஆகும் காலம், உடனே கேட்டுப் பார்க்க வழியில்லை.

அடுத்த நாள் நிலவின் பாறையும் செந்நிறப் பூக்களும் வருகின்றன. அப்புறம் காட்டெருமை போன்ற ஒரு மந்தை. லாக்கின் கைத்திறன் எனக்குத் தெரிந்தது இந்த இடத்தில்தான். அந்த விலங்கின் கண்களுக்கு மேலே, தொப்பி விளிம்பு மாதிரி ஒரு சதை மடிப்பு. நிலவின் கடுமையான வெளிச்சத்திலும் இருட்டிலும் கண்ணைக் காக்க என்று விளக்கமும் கூடவே இருக்கிறது. இப்படி ஒரு விலங்கு உண்டா என்று கேட்க வேண்டிய நான், ‘சரி, அங்கே அப்படித்தானே வேண்டும்’ என்று தலையாட்டிவிட்டேன். மூன்றாம் நாள், வாலில்லாத பீவர்கள் (ஆறுகளில் அணைகட்டி வாழும் கொறிவிலங்குகள்) குட்டியைக் கையில் ஏந்தி இரண்டு காலில் நடக்கின்றன, அவற்றின் குடிசைகளில் புகை எழுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, நான்காம் நாள்தான் வௌவால் மனிதர்கள் வருகிறார்கள்.

1840இல் லாக் உண்மையை ஒப்புக்கொண்டார். நிலவிலும் உயிர்கள் வாழ்வதாக எழுதிவந்த தாமஸ் டிக் போன்றவர்களைக் கிண்டல் செய்யத்தான் எழுதினேன் என்றார். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஹெர்ஷலுக்குத் தெரியாமலே அவர் பெயரை எடுத்தாண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த மதிப்பு அது.

‘சன்’ஐ விட்டு விலகி ‘நியூ எரா’ நாளிதழுக்குப் போன லாக், ஆப்பிரிக்கப் பயணி மங்கோ பார்க்கின் தொலைந்துபோன கையெழுத்துப் பிரதி என்று இன்னொரு தொடரைத் தொடங்கினார். அது எடுபடவில்லை.