வாசகர் கேள்விகள்: கன்றுக்கு முன்னால் வாய்க்கால்

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் கடற்கரையில் ஆயிரம் அலையாத்தி (மாங்குரோவ்) கன்றுகள் நட இருக்கிறோம். மணலில் வருமா? கன்று எங்கே கிடைக்கும்?
(வாசகர், கடலூர் மாவட்டம்)

பதில்: மணலில் வராது. அலை நேராக வந்து அடிக்கிற இடத்தில் கன்று வேர் பிடிக்கவே முடியாது. கழிமுகத்துச் சேறு, தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், கூடவே கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர், இதெல்லாம் வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக் காடு உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதே, மன்றத்துப் பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைப் பிஞ்சு மாதிரி நீளமாகத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறெங்காவது வேர்விடும். தண்ணீர் ஒழுங்காக வந்து போகிற இடத்தில் காடு தானாகவே பெருகிக்கொள்ளும்.

அங்கேயும் காடு அழிந்தது. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள், நிழல் போன தரை வெயிலில் காய்ந்து சுருங்கிப் பள்ளமாகிவிட்டது, பெரிய ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போக, எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து முதலில் எடுத்தது மண்வெட்டியைத்தான். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் வடிவத்தில். ஓதநீர் வந்து திரும்பி உப்பைக் கழுவிக்கொண்டு போன பிறகுதான் கரையோரம் கன்று வைத்தார்கள். திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதே முறைதான்.

அதனால் கன்று வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பக்கத்துக் கழிமுகத்தில் ஏதாவது கரையோ, சாலையோ, இறால் பண்ணையோ ஓதநீரை மறித்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்களாக வாய்க்கால் வெட்ட வேண்டாம், அனுமதி வேண்டும். பறவைகள் இரை தேடும் வெறும் சேற்றுத் திட்டில் நடுவதும் வேண்டாம், அது வெற்று நிலமில்லை.

கேள்வி: அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்தது என்பது உண்மையா, மிகைப்படுத்தலா?
(வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: தடுத்தது என்பதைவிட வேகத்தைக் குறைத்தது என்பது சரி. 2004 சுனாமிக்குப் பின் கடலூர் கரையில் நடந்த ஆய்வு ஒன்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கடலை நேராகப் பார்த்திருந்த கிராமங்கள் நாசமாக, காட்டுக்குப் பின்னால் இருந்தவை தப்பின என்றது. அந்தக் கிராமங்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள், அந்த மறுப்பில் நியாயம் உண்டு. காடு இருக்கிற தைரியத்தில் கரையோரம் வீடு கட்டக் கூடாது. ஆனால் சுனாமியை வைத்து மட்டும் இந்தக் காட்டை மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்குவது இந்த வேர்களுக்குள்தான், கழிமுகத்தில் வலை போடுகிறவர்களின் அன்றாடச் சாப்பாடு அதில் இருக்கிறது.