அகல லென்ஸுக்குத் தனி ஃபைண்டரும் ஃபில்டரும்: கேட்டவையும் பதில்களும்

டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில் (லென்ஸ் வழியாக இல்லாமல், தனி ஜன்னல் வழியே பார்த்து எடுக்கும் கேமராவில்) 21 மி.மீ., 15 மி.மீ. லென்ஸ்களைப் போட்டுத் திண்டாடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இருபது வருடமாக இந்தக் கேமராக்களோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, லைக்கா எம்9-இல் 21 மி.மீ. போடப்போகிறேன். மேலே தனி ஃபைண்டர் கட்டாயம் வேண்டுமா?

வேண்டும் தம்பி. கேமராவுக்குள் படத்தின் எல்லையைக் காட்டும் ஃபிரேம் கோடுகளில் அகலமானது 28 மி.மீ.தான். அதற்கு வெளியே கொஞ்சம் இடம் தெரியும், ஆனாலும் எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும், 21 அதற்குள் அடங்காது. அதற்காக லைக்கா ஃபைண்டரைத்தான் வாங்கவேண்டும் என்றில்லை. ஃபோக்ட்லாண்டர் 21/25 ஃபைண்டர் தாராளமாகப் போதும். வாங்கியதும் அது ஹாட் ஷூவில் (கேமராவின் மேலுள்ள சொருகுமிடத்தில்) இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். என்னுடைய முதல் ஃபைண்டர் பஸ் படியில் இறங்கும்போது கழன்று விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பின்சக்கரம் ஏறிவிட்டது. இப்போது ஃபைண்டரின் அடிக்கால் ஓரத்தில் மெல்லிய டேப் ஒரு துண்டு ஒட்டித்தான் சொருகுகிறேன்.

லைக்கா எம்8-இல் ஃபோக்ட்லாண்டரின் 15 மி.மீ. ஹெலியார் லென்ஸ் போட்டிருக்கிறேன். 15 ஃபைண்டரில் பார்த்தது ஒன்று, படத்தில் வந்தது வேறு. ஏன்?

எம்8-இன் சென்சார் 27×18 மி.மீ. முழு ஃபிரேமைவிட (36×24 மி.மீ. ஃபிலிம் அளவைவிட)ச் சிறியது. அதனால் லென்ஸின் எண்ணை 1.33-ஆல் பெருக்கி ஃபைண்டரைத் தேர்வு செய்யுங்கள். 15 இங்கே 20 ஆகிவிடுகிறது, ஆகவே 21 ஃபைண்டர். பார்ப்பதைவிடப் படத்தில் ஒரு விரற்கடை கூடவே வரும், நல்லதுதான். இன்னொரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான எப்ஸன் ஆர்-டி1 என்றால் 1.5. அதில் 15 மி.மீ. கிட்டத்தட்ட 23 ஆகும்.

சார், அதே எம்8-இல் கல்யாண வரவேற்பு எடுத்தேன். மாப்பிள்ளையின் கருப்புக் கோட்டு கத்திரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது. கேமரா கெட்டுப்போய்விட்டதா?

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் பிறவிக்குணமே அது. அகல லென்ஸின் கதிர்கள் சென்சார் ஓரத்தில் ரொம்பச் சாய்வாக விழும். அதைச் சமாளிக்க 2006-இல் எம்8-இன் சென்சார் முன்னுள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை மிக மெல்லியதாக வைத்தார்கள். ஓரம் தப்பித்தது, கோட்டு மாட்டிக்கொண்டது. செயற்கை இழைத் துணி நம் கண்ணுக்குக் கருப்பு, ஆனால் அகச்சிவப்பை நன்றாகவே திருப்பி அனுப்பும். மேடை விளக்கு மஞ்சள் குண்டு பல்பு வகை என்றால் இன்னும் மோசம்.

இதற்கு மருந்து, லென்ஸ் முன்னால் யூவி/ஐஆர் ஃபில்டர், அதாவது புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி. புகார்கள் குவிந்தபோது லைக்காவே எம்8 வாங்கியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு இலவசமாகக் கொடுத்தது. ஆனால் இந்த ஃபில்டர் சாய்ந்து வரும் ஒளியில் சிவப்பையும் கொஞ்சம் வெட்டிவிடும். 50 மி.மீ.-இல் தெரியாது. 15-இல் நான்கு மூலையும் பச்சை கலந்த நீலம். லென்ஸ் வளையத்தில், எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் ஆறு புள்ளிக் குறியீடு இருந்தால் கேமராவே திருத்தும். ஹெலியாரில் அது கிடையாது, மார்க்கரால் கையால் புள்ளி வைக்கிறவர்கள் உண்டு. அது அழிந்து அழிந்து போகும். நான் கணினியில் திருத்துகிற கட்சி.

இன்னொன்று: 1999-இல் வந்த முதல் 15 மி.மீ. ஹெலியாரில் ஹூட் உடம்போடு சேர்ந்தது, ஃபில்டர் மாட்ட மரையே கிடையாது. பழையது வாங்குமுன் முன்பக்கத்தைப் பாருங்கள்.

எம்9-இல் 15 போட்டால் இடது ஓரம் சிவக்கிறது. நானும் அந்த ஐஆர் ஃபில்டர் போடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். எம்9-க்குள் தடுப்புக் கண்ணாடி கொஞ்சம் தடிமன், வெளியே இன்னொன்று போட்டால் மூலைகள்தான் கெடும். உங்கள் சிவப்பு, சாய்வுக் கதிரும் சென்சாரும் ஒத்துப்போகாததால் வருவது. எந்த ஃபில்டருக்கும் அடங்காது.

ஸ்வீட் கடை டப்பாவின் பால்நிற மூடியை லென்ஸ் முன்னால் ஒட்டிப் பிடித்து, மேகமூட்டமான வானத்தைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். படம் எடுத்த அதே லென்ஸ் துவார அளவில் (எஃப் எண்ணில்) எடுக்கவேண்டும். அதை மாதிரியாகக் கொடுத்தால் கார்னர்ஃபிக்ஸ் என்ற கணினி மென்பொருள் சிவப்பைக் கழித்துவிடும். இந்த வேலையே வேண்டாமென்றால் 2015-இல் வந்த மூன்றாம் ஹெலியாரை வாங்குங்கள். டிஜிட்டலை மனதில் வைத்துச் செய்தது, 58 மி.மீ. ஃபில்டர் மரையும் உண்டு.

வானத்தைக் கருக்கி, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடலாமா?

21-க்குக் கீழே எனக்குப் பிடிக்காது. சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானம் அதிகம் கருக்கும். 15 மி.மீ. மூலைக்கு மூலை 110 டிகிரி பார்க்கிறது. வானத்தில் ஒரு பட்டை மட்டும் கருநீலமாகி, துணியில் மை கொட்டியதுபோல இருக்கும். தண்ணீர்ப் பளபளப்பைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால், ஃபில்டரைக் கையில் பிடித்துக் கண் வழியே சுழற்றுங்கள், சரியான இடத்தில் ஃபில்டர் வளையத்தில் எழுதியுள்ள எந்த எழுத்து மேலே இருக்கிறதென்று பாருங்கள், லென்ஸில் மாட்டி அதே எழுத்தை மேலே கொண்டுவாருங்கள். லைவ் வியூ (லென்ஸ் பார்ப்பது அப்படியே திரையில் தெரியும் வசதி) உள்ள கேமராவில் இந்தக் கூத்தெல்லாம் வேண்டியதில்லை.

மேல் ஃபைண்டரில் ஃபோகஸ் தெரியவில்லையே ஐயா?

தெரியாது, அது படத்தின் எல்லையைக் காட்டும் வெறும் சட்டகம். 15 மி.மீ.-இல் துவாரத்தை எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 1 மீட்டரில் நிறுத்தினால் அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரம் வரை ஃபிலிம் காலக் கணக்குப்படி தெளிவு. டிஜிட்டலில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் 2 மீட்டரில் வையுங்கள்.

கண்ணாடி போடுகிறவன் நான். ஓரக்கோடு தெரிவதில்லை. எலக்ட்ரானிக் ஃபைண்டர் வாங்கலாமா?

எம்8, எம்9 இரண்டிலும் அதை மாட்டவே முடியாது. எம் 240, எம்10 என்றால் வாங்கலாம், கட்டடம் எடுக்கிறவர்களுக்கு அதுதான் சரி, சாய்வு உடனே தெரியும். தெருவில் எனக்குச் சாதாரணக் கண்ணாடி ஃபைண்டர்தான் கைவசம். ஆனால் சிலவற்றின் கண்வளையம் வெறும் உலோகம், மூக்குக்கண்ணாடியைக் கீறிவிடும். சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள், என்னுடையதில் அதுதான் இருக்கிறது.