பண்ணையில் சாகும் கோழி, ஆடுகளை மக்க வைக்க என்னென்ன வேண்டும்?

நாமக்கல் பக்கம் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறேன், கூடவே கொஞ்சம் வெள்ளாடுகள். இயந்திரம் எதுவும் தேவையில்லை, செத்ததை மூடுகிற பொருளுக்குக் காசைப் போடுங்கள். மரத்தூள், கடலைத்தோல், தென்னை நார்க்கழிவு, பண்ணையில் அள்ளிய ஆழ்கூளம் (கொட்டகைத் தரையில் பரப்பி, கோழி எச்சம் கலந்த கூளம்) என்று எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை ஒரு ஆள் உயரத்துக்குக் குவித்து, மழையில் நனையாமல் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். நான் முதல் தடவை நாலு மூட்டை மரத்தூளோடு தொடங்கி, மேலே அரை அடிகூடப் போடாமல் விட்டதில், ராத்திரியே நாய்கள் தோண்டி இழுத்துப் போட்டுவிட்டன, தோட்டமே நாறியது.

அப்புறம் தொட்டி. சிமெண்ட் தரை, ஹாலோ பிளாக்கில் மூன்று பக்கச் சுவர், மேலே கூரை, முன்னால் கழற்றி மாட்டுகிற பலகை. இரண்டு தொட்டியாகக் கட்டுங்கள், ஏனென்றால் ஒன்றில் சூடு இறங்கியதும் கிளறி அடுத்ததற்கு மாற்றினால்தான் மறுபடி சூடேறும். அடியில் ஒரு அடி காய்ந்த பொருள், அதன்மேல் கோழிகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஒரே வரிசையாக, சுவரிலிருந்து அரை அடி தள்ளி அடுக்கி, நன்றாக மூடிவிட வேண்டும். மாடு என்றால் கீழே இரண்டடி, மேலே இரண்டடி, எலும்பு மக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

பலர் வாங்காமல் விடுவது நீளக் கம்பி வைத்த வெப்பமானி. குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது மூன்று நாளாவது நிற்க வேண்டும், அப்போதுதான் பெரும்பாலான நோய்க்கிருமிகள் சாகும், கையை வைத்துப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஈரத்துக்குக் கை போதும்: ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்திருந்தால் பூவாளியால் தெளிக்கலாம். மண்வெட்டி, சட்டி, ரப்பர் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் எல்லாம் இந்த வேலைக்கென்றே தனியாக இருக்கட்டும், அதே மண்வெட்டியோடு கோழிக் கொட்டகைக்குள் போகாதீர்கள். சுண்ணாம்பு வேண்டாம், அது மக்க வைக்கிற நுண்ணுயிர்களையே முடக்கிவிடும்.

ஆடு, மாடு திடீரென்று செத்து மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கருரத்தம் வந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தொட்டியிலும் போடாதீர்கள், அந்தக் கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டுக்குச் சாகாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கோழிகள் கூட்டமாகச் செத்தாலும் அப்படித்தான்.