அட்டவணை உண்மையில் காணாமல் போனதா?

வன்னியில் நிறுவன மென்பொருள்களோடு மல்லுக்கட்டுபவர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே பிழையைச் சுற்றுகின்றன: “அட்டவணை இல்லை.” மைஎஸ்கியூஎல், ஒராக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்கள் தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும். கேட்ட அட்டவணை அகப்படாவிட்டால் இப்படிச் சொல்லும்.

பரந்தன், அரிசி ஆலை: அண்ணா, கணக்கு மென்பொருளை விண்டோஸிலிருந்து லினக்ஸ் சேர்வருக்கு மாற்றினோம். மைஎஸ்கியூஎல் 1146 பிழை காட்டுகிறது. நெல் கொள்வனவு அட்டவணையோ கண்முன்னே இருக்கிறது.

பதில்: இருக்கும், தம்பி. பெயரின் எழுத்தைப் பாருங்கள். விண்டோஸில் மைஎஸ்கியூஎல் அட்டவணைப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தாக்கியே சேமிக்கும். நிரல் பெரிய எழுத்தில் கேட்டாலும் கொடுத்துவிடும். லினக்ஸில் அந்தத் தாராளம் கிடையாது. பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பாராமல் இருக்க ஓர் அமைப்பு (setting) உண்டு. ஆனால் 8.0 பதிப்பில் தரவுக் கோப்புறையை முதன்முதலில் உருவாக்கும்போது மட்டுமே அதை மாற்றலாம். எனவே காப்புப்பிரதி எடுத்து, அந்த அமைப்போடு புதிய கோப்புறை உருவாக்கி, மீண்டும் ஏற்றுங்கள்.

வவுனியா: ஒராக்கிளில் மேலாளர் திறந்தால் அறிக்கை வருகிறது, எழுதுவினைஞர் திறந்தால் 00942 பிழை.

பதில்: அனுமதிப் பிரச்சினை. உரிமை இல்லாதவருக்கு ஒராக்கிள் “அனுமதி இல்லை” என்று சொல்லாது. அட்டவணையே இல்லை என்று சாதிக்கும். அப்படி ஒன்று இருப்பதைக்கூட அவர் அறியக்கூடாது என்ற எச்சரிக்கை அது. உரிமை கொடுத்த பிறகும் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலுக்குள் மட்டும் பிழை வந்தால், அந்த நிரலின் உரிமையாளருக்கு நேரடியாக உரிமை கொடுங்கள். ரோல் (பலருக்குச் சேர்த்துக் கொடுக்கும் உரிமைத் தொகுப்பு) வழியாகக் கிடைத்த உரிமை அங்கே வழக்கமாகச் செல்லாது.

புதுக்குடியிருப்பு: மின்வெட்டில் பழைய கணினி போய்விட்டது. அதன் வன்தட்டிலிருந்து தரவுத்தளக் கோப்புறையைப் புதிய கணினியில் ஒட்டினேன். மைஎஸ்கியூஎல் 5.7. பட்டியலில் பெயர்கள் தெரிகின்றன. திறந்தால் இல்லை என்கிறது.

பதில்: பட்டியலில் நீங்கள் பார்ப்பது, அட்டவணையின் வடிவத்தை மட்டும் வைத்திருக்கும் ‘எஃப்ஆர்எம்’ கோப்புகளின் பெயர்களை. மைஎஸ்கியூஎல்லுக்குள் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியின் உண்மையான பதிவேடு ‘ஐபிடேட்டா1’ என்ற கோப்பில், அந்தக் கோப்புறைக்கு வெளியே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்தால் வீட்டைக் கொண்டுவந்து உறுதிப் பத்திரத்தை விட்டு வந்த கதைதான். பழைய வன்தட்டில் எதையும் எழுதாதீர்கள். அதே பதிப்பை நிறுவி, சேர்வரை நிறுத்தி, முழுத் தரவுக் கோப்புறையையும் லாக் கோப்புகளோடு (மாற்றங்களைப் பதிந்து வைப்பவை) கொண்டுவாருங்கள். ‘ஐபிடேட்டா1’ கெட்டுப்போயிருந்தாலும் அட்டவணைகளின் தரவு உள்ள ‘ஐபிடி’ கோப்புகள் நன்றாக இருந்தால், அதே கட்டமைப்பில் அட்டவணை உருவாக்கி அவற்றை இறக்குமதி செய்ய வழி இருக்கிறது. வேலை அதிகம், பொறுமை வேண்டும்.

மாங்குளம்: புதிய பதிப்பு ஏற்றிய பின் ஒரேயொரு பக்கம் மட்டும் பிழை காட்டுகிறது.

பதில்: அட்டவணைகளை உருவாக்கும் நிரல் பாதியில் நின்றிருக்கும். நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக்கின் முதல் பிழையைப் பாருங்கள், கடைசிப் பிழையை அல்ல. போஸ்ட்கிரெஸ் என்றால் பொதுவாக முழுவதையும் பின்வாங்கச் செய்யலாம். மைஎஸ்கியூஎல் பாதி வேலையை அப்படியே விட்டுவிடும்.

முல்லைத்தீவு, கூட்டுறவுச் சங்கம்: பிழை போவதற்கு அதே பெயரில் வெற்று அட்டவணை ஒன்றை உருவாக்கலாமா, அண்ணா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. பிழை போய்விடும், காலபோகக் கொள்வனவு முழுவதும் பூச்சியம் என்று அறிக்கை வரும். அதில் யாராவது கையெழுத்தும் வைத்துவிடுவார்கள். முதலில் மென்பொருள் எந்தச் சேர்வரில், எந்தத் தரவுத்தளத்தோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.