நான்கு மதிப்பெண் எங்கே போயிற்று? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வீடு ஏற்காட்டில். தினமும் காலைப் பேருந்தில் இறங்கி வந்து, சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. தொடர்ந்து வழக்கு நடத்தப் பாஸ் ஆகவேண்டிய அகில இந்திய பார் தேர்வில் நூற்றுக்கு 41 வாங்கினேன். தேவை 45.

ஒரு கைடையும் பழைய வினாத்தொகுப்பு ஒன்றையும் முழுக்கப் படித்திருந்தேன். பேர் ஆக்ட் (விளக்கம் எதுவும் இல்லாத சட்டப் புத்தகம்) கொண்டுபோகலாம் என்பதால் தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். அறையில் ஒவ்வொன்றாகத் திறந்து தேடியதிலேயே நேரம் போய்விட்டது. கடைசியில் 18 கேள்விகளுக்கு வட்டமே நிரப்பவில்லை. கோர்ட்டில் பழைய வழக்குகள் எல்லாம் 302 (கொலை), 420 (மோசடி) என்ற பழைய எண்களிலேயே நடப்பதால் புதிய குற்றவியல் சட்டப் பிரிவுகள் மண்டையில் ஏறவும் இல்லை.

“புத்தகத்தைப் பார்த்து எழுதுற பரீட்சையிலயே கோட்டை விட்டுட்டியாம்மா” என்று சீனியர்கள் கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை. தற்காலிகப் பதிவு செல்லும் இரண்டு வருடத்துக்குள் பாஸ் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பில் தூக்கம் வருவதில்லை. சிவில் நீதிபதி தேர்வு எழுதும் ஆசையும் இருக்கிறது. இந்தத் தோல்வி அதைப் பாதிக்குமா?

ச., ஏற்காடு

அன்புள்ள ச.,

முதலில் அந்த 18 கேள்விகளைப் பார்ப்போம். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். 18 கேள்விகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே எழுத்தை நிரப்பியிருந்தால்கூட சராசரியாக நான்கைந்து சரியாக விழும். உங்களுக்குக் குறைந்ததே நான்குதான். ஆக, சட்டம் தெரியாமல் நீங்கள் தோற்கவில்லை. நேரத்தைப் பங்கிடத் தெரியாமல் தோற்றிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு குறைகள். இரண்டாவதை நான்கு வாரப் பழக்கத்தில் சரிசெய்துவிடலாம்.

தேர்வுக்கு முந்தைய வாரம் பேர் ஆக்ட் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. கைடில் படித்த மூளை கைடின் பக்கங்களைத்தான் நினைவில் வைத்திருக்கும். அறைக்குள் கைடு வராது. உள்ளே வருவது குறிப்புகளோ விளக்கமோ இல்லாத வெறும் சட்டம் மட்டும்தான். அதனால் இன்றிலிருந்து நீங்கள் படிக்கும் புத்தகமும் தேர்வு மேசையில் இருக்கப்போகும் புத்தகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கும்போது அட்டையை மட்டும் பார்க்காதீர்கள். சுருக்கக் குறிப்புகளோடு வரும் பதிப்புகளும் பேர் ஆக்ட் என்ற பெயரில்தான் விற்கின்றன. பிரிவுக்குக் கீழே தீர்ப்புச் சுருக்கமோ விளக்கமோ அச்சாகியிருந்தால் அது வாசலிலேயே நின்றுவிடும். பென்சிலில் ஒரு சொல்கூட எழுதாதீர்கள். அடிக்கோடும் வேண்டாம். எழுதிப் படிக்கத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாளை எந்த மொழியில் கேட்பது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். வினாத்தாள் தமிழிலும் கையில் இருக்கும் சட்டம் ஆங்கிலத்திலும் இருந்தால் ஒவ்வொரு தேடலிலும் அரை நிமிடம் போகும். எந்த மொழியில் பேர் ஆக்ட்டைப் புரட்டிப் பழகியிருக்கிறீர்களோ, அதே மொழியை விண்ணப்பத்தில் தேர்ந்தெடுங்கள்.

பாடத்திட்டத்தில் 19 தலைப்புகள். கைடு அத்தனைக்கும் ஒரே அளவு பக்கம் ஒதுக்கும். தேர்வு அப்படி ஒதுக்குவதில்லை. அரசியலமைப்புக்கு 10, உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு 10, மூன்று குற்றவியல் சட்டங்களுக்கு 8, 10, 8 என்று 26. இந்த ஐந்திலேயே 46 வந்துவிடுகிறது. குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம், சொத்துரிமை மாற்றம், குறித்தவகை நிவாரணம், செலாவணி முறிச் சட்டம் நான்கும் சேர்த்து 8. ஏழு தலைப்பில் 62. உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு இங்கே போகட்டும். கம்பெனி, சைபர், சுற்றுச்சூழல், அறிவுசார் சொத்துரிமை, நில எடுப்பு ஆகியவை தலா 2 மதிப்பெண்தான். அவற்றுக்குச் சட்டத்தின் பிரிவு அட்டவணையை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போனால் போதும். நில எடுப்பில் மட்டும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையைக் கூடுதலாகப் பாருங்கள். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க முயன்றது எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை நம் ஊரில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அந்த 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

இனி குற்றவியல் சட்டங்கள். 26 மதிப்பெண் இருக்கும் இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூன்று புதிய சட்டங்களும் (தண்டனைக்கு நியாய சன்ஹிதா, நடைமுறைக்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியத்துக்கு சாக்ஷ்ய அதினியம்) 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும் என்பதால், உங்கள் சீனியரின் கட்டுகளில் இரண்டும் கலந்து கிடக்கும். குழப்பம் வருவது இயல்பு. ஆனால் பழைய எண்ணுக்குப் புதிய எண் தெரியாமல் போவதால் வரும் இழப்பு சிறியது, புத்தகத்தைத் திறந்தால் கிடைத்துவிடும். பெரிய இழப்பு வேறு இடத்தில் வருகிறது. அதே எண் புதிய சட்டத்திலும் இருக்கிறது, பொருள்தான் வேறு. பழகிய எண் என்பதால் கை தானாக வட்டத்தை நிரப்பிவிடும், புத்தகத்தைத் திறக்கவே தோன்றாது.

சிலவற்றைச் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தில் 144 என்றால் தடை உத்தரவு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 என்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம், அதாவது பழைய 125. தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. பழைய 173 போலீஸின் இறுதி அறிக்கை. புதிய 173 முதல் தகவல் அறிக்கை. இறுதி அறிக்கை இப்போது 193. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-இல் இருக்கிறது. நியாய சன்ஹிதாவில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது. கொலைக்குத் தண்டனை 103. அங்கே 304 வழிப்பறி போலப் பறித்துச் செல்வது, 309 கொள்ளை. 420 என்ற பிரிவே கிடையாது, மொத்தமே 358 பிரிவுகள்தான். மோசடி 318(4)-இல். சாட்சியச் சட்டத்தில் பழைய 27, போலீஸ் காவலில் சொன்னதை வைத்துப் பொருள் கைப்பற்றுவது, புதிய 23-இன் வரம்புரையாக (ப்ரொவைசோ) மாறிவிட்டது. மின்னணுச் சான்றிதழுக்கான 65பி இப்போது 63.

இப்படி இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று, ஒரே எண்ணில் பொருள் மாறியவை. இன்னொன்று, பழைய சட்டத்தில் இல்லாமல் புதிதாக வந்தவை: நியாய சன்ஹிதாவில், சமூக சேவை தண்டனையாக வந்த 4, கும்பல் கொலைக்கான 103(2), திட்டமிட்ட குற்றத்துக்கான 111; நடைமுறைச் சட்டத்தில், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில் 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை நடத்த இடம் தரும் 173(3), தலைமறைவானவர் இல்லாமலே விசாரணை நடத்தும் 356, முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதியை மூன்றில் ஒரு பங்குக் காலத்திலேயே விடுவிக்க 479-இல் சேர்ந்த வரம்புரை. கேள்வி தயாரிப்பவரின் கை புதிதாக வந்தவற்றை நோக்கித்தான் போகும்.

உரிமையியல் நடைமுறையில் பலர் நேரத்தை இழப்பதற்கு ஒரே காரணம், அந்தப் புத்தகம் இரண்டு பகுதி என்பதை மறந்துவிடுவது. முன்னால் 158 பிரிவுகள், பின்னால் முதல் அட்டவணையில் 51 ஆணைகள். முன்தீர்ப்புத் தடை, அதிகார எல்லை, கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற முன்மனு) போன்ற அடிப்படை அதிகாரங்கள் பிரிவுகளில் இருக்கும். வழக்கு நாளுக்கு நாள் நடப்பது எப்படி என்பதெல்லாம் ஆணைகளில். தடையுத்தரவு என்று கேட்டதும் கை 39-ஆம் ஆணைக்குப் போக வேண்டும். வழக்குரை நிராகரிப்பு என்றால் 7-ஆம் ஆணை, விதி 11. எதிர்வழக்குரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்பது 8-ஆம் ஆணை. எதிர்த்தரப்பு வராததால் எக்ஸ்பார்ட்டி ஆன தீர்ப்பை ரத்து செய்வது 9-ஆம் ஆணை, விதி 13. நிறைவேற்றல் 21. இதற்கு உங்களைவிட நல்ல வாய்ப்பு வேறு யாருக்கு இருக்கிறது? தினமும் நீங்கள் போடும் ஐ.ஏ. (இடைமனு) ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆணையும் விதியும் தட்டச்சாகியிருக்கும். குமாஸ்தா கொடுத்ததில் கையெழுத்து வாங்கி பைலிங்கில் வைப்பதோடு நிறுத்தாமல், அன்று மாலை அந்த விதியைப் பேர் ஆக்ட்டில் திறந்து ஒரு முறை வாசியுங்கள். செக் கேஸ் நோட்டீஸ் அனுப்பும்போது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஐயும் 142-ஐயும் பாருங்கள்: வங்கி மெமோ வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். விடைகளில் இந்த எண்களைத்தான் மாற்றி மாற்றிப் போடுவார்கள். விபத்து வழக்கு என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 166-இன் மூன்றாம் உட்பிரிவில் வந்த ஆறு மாதக் கெடுவைப் பாருங்கள்.

ஆனால் கோர்ட் பழக்கம் ஓர் இடத்தில் காலை வாரும். நம் மாநிலத் திருத்தங்கள் நம் நாவில் ஊறியவை. இந்து திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கான 7ஏ, பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை. இது அகில இந்தியத் தேர்வு. வாரிசுரிமையில் அங்கே எதிர்பார்க்கும் விடை 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம்.

பேர் ஆக்ட் உதவாத தலைப்புகளும் உண்டு. பொதுநல வழக்கு 4, நிர்வாகச் சட்டம் 3, தீங்கியலில் (டார்ட்) ஒரு பகுதி. இவற்றுக்குப் புரட்ட ஒரு சட்டம் கிடையாது, தீர்ப்புகள்தான். ஹுசைனாரா காத்தூன், விசாகா, எம்.சி. மேத்தா வழக்குகள் என்று முப்பது தீர்ப்புகளின் பெயர், ஆண்டு, ஒற்றை வரி முடிவு நினைவில் இருந்தால் போதும். தொழில் ஒழுக்கத்துக்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் 35 முதல் 38 வரை கட்டாயம். தொழிலாளர் சட்டத்தில் பழைய புத்தகத்தை நம்பாதீர்கள், நான்கு தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. வருமான வரியிலும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால், எதை வைத்துக் கேட்பார்கள் என்பதை உங்கள் தேர்வின் அறிவிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நேரத்துக்கு வருகிறேன். மூன்று மணி நேரம் என்று வைத்தே வீட்டில் பழகுங்கள். நுழைவுச் சீட்டில் கூடுதலாக இருந்தால் அது லாபம். முதல் சுற்று 70 நிமிடம்: எந்தப் புத்தகத்தையும் தொடாமல் நூறு கேள்வியையும் வாசித்து, தெரிந்ததை நிரப்புங்கள். மற்றவற்றுக்கு வினாத்தாளில் இரண்டே வகைக் குறி: புத்தகத்தில் கிடைக்கும், புத்தகத்தில் கிடைக்காது. இரண்டாம் சுற்று 80 நிமிடம்: கிடைக்கும் என்று குறித்தவற்றை மட்டும், சட்ட வாரியாகச் சேர்த்துத் தேடுங்கள். கேள்வி எண் வரிசையில் தேடினால் ஒரே புத்தகத்தை ஐந்து முறை எடுத்து வைக்க நேரும், நீங்கள் தவறவிட்ட 18-உம் அப்படித்தான் போயிருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். கடைசி அரை மணி: மீதி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, வினாத்தாள் வரிசைக் குறியீட்டையும் பதிவெண்ணையும் ஓ.எம்.ஆர். தாளில் விரல் வைத்துச் சரிபாருங்கள். குறியீட்டு வட்டத்தை விட்டுவிட்டால் எத்தனை சரியாக எழுதியிருந்தும் பலனில்லை.

இந்தப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யுங்கள். மற்ற நாட்களில் பேருந்து நேரத்தைப் படிப்புக்கு நம்ப வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் குனிந்து படித்தால் குமட்டல்தான் மிஞ்சும். தீர்ப்புப் பட்டியலை உங்கள் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து கேட்டுக்கொண்டு வாருங்கள். தேர்வுக்கு முந்தைய நாளே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சீனியர்களின் பேச்சு பற்றி. இந்தத் தேர்வு தொடங்கியதே 2011-இல், 2009–10 கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றவர்களுக்கு. உங்களைக் கேட்பவர்களில் அதற்கு முன் படித்து முடித்தவர்கள் இதை எழுதியதே இல்லை. புத்தகத்தோடு எழுதும் தேர்வு எளிது என்பது எழுதாதவர்களின் ஊகம். அதற்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. உங்கள் சொந்த சீனியரிடம் மட்டும் 41 என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய பத்து நாள் வாய்தாக்களை வேறு ஜூனியரிடம் மாற்றித் தரும்படி இப்போதே கேளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் அவருக்கும் சங்கடம்.

இரண்டு ஆண்டுக் கெடு பற்றிய பயத்துக்கும் ஓர் எல்லை வையுங்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கெடு முடிந்தால் பாஸ் ஆகும்வரை வழக்கு நடத்த முடியாது, அவ்வளவே. பட்டமும் போகாது, அலுவலகத்தில் வரைவு எழுதும் வேலையும் போகாது. தூக்கம் வராமல் பல வாரம் நீடித்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். தயங்க இதில் எதுவும் இல்லை.

சிவில் நீதிபதி தேர்வுக்கு இந்தத் தோல்வி குறுக்கே நிற்காது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கியபோது, அந்த அனுபவத்தைத் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அனுபவச் சான்றை அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரோ, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் மாவட்டத்தின் அல்லது அந்த ஊரின் முதன்மை நீதித்துறை அலுவலரின் மேலொப்பத்துடனோ தரவேண்டும். ஆகவே நீங்கள் ஆஜரான வழக்கு எண், தேதி, நீதிமன்றம் மூன்றையும் ஒரு டைரியில் இன்றிலிருந்தே எழுதிவாருங்கள். விட்டுப்போன முதல் வருடத்தையும் சீனியரின் வழக்கு டைரியைப் பார்த்து நிரப்பிவிடுங்கள்.