கேலிச்சித்திரத்தில் நாடு மகளாக நிற்கும்போது

வணக்கம். 1869-இல் மான்ட்ரியலின் ‘டயோஜினஸ்’ இதழில் வந்த கேலிச்சித்திரத்தில் பிரிட்டன் தாயாகவும் கனடா மகளாகவும் இருப்பது தெரிகிறது, ஆனால் அதைக் கொண்டு கட்டுரையில் எதை நிறுவுவது என்று விளங்கவில்லை என எழுதியிருந்தீர்கள். யார் எந்த நாடு என்பதோடு நின்றுவிடாமல், அந்த உறவுமுறை யாருக்கு என்ன உரிமையைத் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

படத்தின் உரையாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரன் ஜோனதனுக்கு, அதாவது அமெரிக்காவுக்கு, நீ ஏதாவது இடம் கொடுத்தாயா என்று தாய் விசாரிக்கிறாள். நாங்கள் ஒருநாளும் இணைய முடியாது என்று சொல்லிவிட்டதாக மகள் பதில் தருகிறாள். கனடா கூட்டமைப்பு உருவாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், அமெரிக்கா அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமோ என்ற அரசியல் அச்சம் இங்கே ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. மகளை விசாரிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று நாம் இயல்பாக ஒப்புக்கொள்வதால், பேரரசின் அதிகாரமும் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது. என் பார்வையில் படத்தின் சாமர்த்தியம் அதுதான். (அம்மண்ணின் பூர்வகுடிகளுக்கு இந்தக் குடும்பத்தில் இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள்.)

ஒப்பீட்டுக்கு, கேலிச்சித்திரம் அல்ல என்றாலும், அபனீந்திரநாத் தாகூர் 1905-இல் வரைந்த பாரத மாதா ஓவியம் பொருந்தும். நான்கு கைகளில் புத்தகம், நெற்கதிர், துணி, ஜபமாலை ஏந்தி நிற்கும் அந்தத் தாய் யாரையும் விசாரிப்பதில்லை. பார்ப்பவரே பிள்ளையாகிவிடுவதால் கடமை அவர் பக்கம் வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை விரிவாக எழுதுங்கள். சின்னங்களின் விளக்கத்துக்கு ஒரு பத்தி போதும்.